வங்கதேசத்துக்கு ஊதிய சங்கு

மண்ணூர் சுற்றுவட்டாரத்தில் சூரியன் எப்போது உச்சிக்கு வர வேண்டும் என்று தீர்மானித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கம்பெனி வாட்ச்மேன். ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதுவது அவர் வேலை என்பதால் அவர் பெயரும் சங்கு. சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

அது மின்சாரச் சங்கு. பட்டனை அமுக்கினால் தானாக அலறும். சங்கு அண்ணனோ அதைத் தன் தொண்டையாகவே நினைத்தார். அமுக்குவதற்கு முன் கனைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை தோறும் பட்டனுக்குக் குங்குமம் வைப்பார். மழைக்காலத்தில் மோரைத் தொட மாட்டார். ஏன் என்று கேட்டால், "சங்குக்கு சளி புடிச்சிக்கும்பா" என்பார். சுற்றி இருந்த ஊர்களில் உலை வைத்ததும் பள்ளிக்கூட மணி அடித்ததும் அந்தச் சத்தத்தை நம்பித்தான்.

தொண்ணூற்றொன்றில் வங்கதேசத்தைப் பெரும்புயல் புரட்டிப் போட்டது. கேட் ரூம் ரேடியோவில் செய்தி கேட்டதிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. டீ குடிக்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கடலு ஊருக்குள்ள பூந்துட்ச்சாம்பா. ஜனம் தூங்கிக்கினு இருந்துச்சாம். எவனாவது ஒருத்தன் சங்கு ஊதி எழுப்பியிருந்தா?"

"அண்ணே, அது எங்கயோ கீது. நீ இன்னா பண்ண முடியும்?"

"எங்க இருந்தா இன்னா? ஊதறது சங்குக்காரன் வேல இல்லியா? அவங்களுக்கோசரம் ஒருவாட்டி ஊதப் போறேன்."

சொன்னதோடு நிற்கிற ஆளா அவர்? மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கனைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினார். துக்கம் பெரிசு என்பதால் கையை எடுக்கவே இல்லை.

பன்னிரண்டு ஆகிவிட்டது என்று மெஷின்களை நிறுத்திவிட்டு நாங்கள் தட்டோடு கேன்டீனுக்கு ஓடினோம். அங்கே அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சாப்பிட விட்டுவிட்டார்கள். களையெடுத்தவர்கள் வரப்பேறிவிட்டார்கள். ஊர்க்கோயில் அர்ச்சகர் அவசர அவசரமாக உச்சிக்கால பூஜையை முடித்து நடையைச் சாத்திவிட்டார். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் பாதி மழித்த முகத்தோடு சைக்கிளில் பறந்து வந்தார்கள். மேனேஜர் மட்டும் தன் கைக்கடிகாரத்தை உதறி உதறிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் மனிதர் கொதித்துவிட்டார். "இன்னையோட நீ வீட்டுக்குப் போயிடு!" என்று கத்தி, அண்ணனைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வடக்குப்பட்டில் அண்ணனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். அந்தச் சம்பளத்தை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் தனகோபால்தான் யோசனை சொன்னார்.

"கோஷம் போட்டா நம்பளுக்கும் மெமோ குடுப்பான். எவனும் வாயத் தொறக்காத. ஆபீஸ் வாசல்ல போய் சும்மா நில்லு, போதும்."

நிஜமான பன்னிரண்டு மணி வந்தது. ஊதத்தான் ஆளில்லை. சாப்பிடாமல், தலையைக் குனிந்தபடி, மொத்தக் கம்பெனியும் மண்டையைப் பிளக்கிற வெயிலில் நின்றோம்.

கதவு திறந்து சங்கு அண்ணன் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"புயல்ல போனவங்களுக்கோசரமா நிக்கிறீங்கோ?"

தனகோபால் மெல்ல ஆமாம் என்று தலையாட்டினார்.

"என்ன கூட்டம் இங்க?" என்று சீறிக்கொண்டு பின்னாலேயே வந்தார் மேனேஜர். அண்ணன் சட்டென்று திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! மௌன அஞ்சலி சார். தலைய குனிங்கோ."

மேனேஜர் எங்களைப் பார்த்தார். அழுகிற அந்த மனிதரையும் பார்த்தார். பிறகு, பாவம், அவரும் தலையைக் குனிந்தார். அதற்கப்புறம் எந்த முகத்தோடு வேலையை விட்டு அனுப்புவது? ஒரு மெமோவோடு போயிற்று.

வங்கதேசத்துக்காக ஒரு கம்பெனியே சோற்றை மறந்து நின்ற கதையைச் சங்கு அண்ணன் கடைசிவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றது உனக்காகத்தான் அண்ணே என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.