இன்பவாதியின் வெள்ளிக்கிழமை

வாழ்க்கையில் நல்லது என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது இன்பம். கெட்டதும் ஒன்றுதான். அது துன்பம். மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஹல்துமுல்லை நூலகத்தில் எடுத்த மெய்யியல் புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால், இனி இதன்படிதான் வாழ்வது என்று தீர்மானித்தவன் நான். எங்கள் தோட்டத்தில் இதற்கு முன் யாரும் இன்பத்தைத் தீர்மானம் போட்டுத் தேடியதாகத் தெரியவில்லை.

எனக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. கொழுந்து வாடும்வரை நான் வாடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உலகத்து இன்பமெல்லாம் பகலில் நடக்கிறது. பகலில் நான் தூங்குகிறேன். என் பங்கு இன்பம் இத்தனை வருடமாக வேறு யார் கணக்கிலோ போய்ச் சேர்கிறது என்று சில விடியல்களில் நினைத்துக்கொள்வேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறி வரும்போது கந்தப்பன் அண்ணன் கூப்பிட்டார். பக்கத்துக் காம்பராக்காரர். பன்றி வளர்க்கிறவர். போன மாதம் அவர் பன்றிக்கூட்டுக்குத் தகரம் போட நான் ஏணி பிடித்தேன். அந்த நன்றிக்கு, விடியற்காலையில் அறுத்த பன்றியில் ஒரு பெரிய பங்கை வாழையிலையில் சுற்றிக் கையில் வைத்தார். அந்தக் கொழுப்பைப் பார்த்ததும் புத்தகத்தில் புரியாத பக்கமெல்லாம் புரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள். நடப்பதோ ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், இறைச்சி வாயில் படக் கூடாது. என் மனைவி பவுலினா இந்த விஷயத்தில் பாதிரியாருக்கும் ஒரு படி மேலே.

அவள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க அது?"

"இன்பம்."

"ரத்தம் ஒழுகுது."

"பவுலினா, எது இன்பம் தருதோ அது நல்லது. எத்தன பேருக்குத் தருதோ அத்தனைக்கு நல்லது. இங்கிலீஷ்காரர் ஒருத்தரு கணக்கே போட்டு வச்சிருக்காரு."

"அவரு வெள்ளிக்கெழம என்னா சாப்ட்டாராம்?"

அது புத்தகத்தில் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் மூளை சும்மா இருக்குமா?

"இன்னைக்கு என்னா கெழம?"

"வெள்ளி."

"ஒனக்கு வெள்ளி. நீ ராத்திரி தூங்குன. வியாழன் முடிஞ்சிருச்சு. நான் வியாழக்கெழம சாயங்காலம் வேலைக்குப் போனவன். இன்னும் கண்ணே மூடல. தூங்காதவனுக்கு எப்புடிப் புள்ள நாள் மாறும்? கணக்கப்புள்ளகூட இந்த வேலைய வியாழக்கெழமயிலதான் பேர் போடுறாரு!"

பவுலினா யோசித்தாள். பிறகு, "ஞாயந்தாங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

"அப்ப ஆக்கு," என்றேன்.

"ஒங்களுக்குத்தான் வியாழன். எனக்கு வெள்ளி, நான் தொட மாட்டேன். நீங்களே ஆக்கிச் சாப்புடுங்க. ஆனா தூங்குறதுக்கு முந்தி சாப்ட்ரணும். தூங்கி எந்திரிச்சா அடுத்த நாளு. நீங்க போட்ட சட்டந்தானே? மாதா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவள் கொழுந்து பறிக்கக் கூடையோடு மலைக்குப் போய்விட்டாள்.

இன்பத்துக்கு முன்னால் இவ்வளவு வேலை இருக்கும் என்று எந்த மெய்யியல்காரரும் எழுதவில்லை. விறகு ஈரம். வெங்காயம் எதிரி. ஊதி ஊதி எனக்குத்தான் முகம் சிவந்தது, அடுப்புக்கு இல்லை. கொரக்காய்ப்புளி போட்டுச் சட்டியை ஏற்றினேன். கந்தப்பன் அண்ணனின் பன்றி நீண்ட ஆயுசுக்காரப் பன்றி, வேகுவதாக இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. இமையை மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.

இமையை மறுபடி ஏற்றியபோது வெயில் அந்தப் பக்கச் சுவரில் கிடந்தது. சட்டி இறக்கி மூடப்பட்டிருந்தது. எதிரே பவுலினா.

"தூங்குனீங்களா?"

"இல்லியே. யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"கொறட்ட விட்டா? ஸ்டோர்ல இருக்கிற மெசின லயத்துக்கே கொண்டு வந்துட்டாங்களான்னு அங்கம்மா மதினி ஓடி வந்து பாத்துச்சு. பகல் சாப்பாட்டுக்கு வந்த நான்தான் அடுப்ப அணைச்சேன். இப்ப ஒங்களுக்கு என்னா கெழம?"

பருப்பும் கீரையும் வைத்தாள். சாயங்காலம் சிலுவைப்பாதைக்கு இழுத்துப் போனாள். ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலிட்டேன். ஒவ்வொரு ஸ்தலத்திலும் கண்ணை மூடினால் சட்டி தெரிந்தது. அப்படியே வேலைக்குப் போனேன்.

விடிந்தால் சனிக்கிழமை. சுத்தபோசனம் இல்லை. பௌர்ணமிப் போயா நாள், யாருக்கும் வேலையும் இல்லை. ஓடி வந்தேன். எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் லயமே உட்கார்ந்திருந்தது. கையில் ரொட்டி. நடுவில் சட்டி.

"எனக்கும் ஒரு தட்டு!"

எல்லோரும் பவுலினாவைப் பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு எப்புடிங்க சனிக்கெழம? வெள்ளிக்கெழம சாயங்காலம் வேலைக்குப் போனவரு. இன்னும் கண்ணே மூடலயே."

"அடியே, அது வேற..."

"கணக்கப்புள்ள எதுல பேர் போடுவாரு?"

"வெள்ளியிலதான்," என்றாள் அங்கம்மா மதினி. என்னிடம் கேட்ட கேள்வி அது.

"சத்தியத்த மீறாதீங்க ராயப்பன் தம்பி. மாதா பொல்லாதவங்க," என்றார் கந்தப்பன் அண்ணன், எலும்பை உறிஞ்சியபடி. அவர் முருக பக்தர்.

"அப்ப என் இன்பம்?"

"எத்தன பேருக்கோ அத்தனைக்கு நல்லதுன்னு சொன்னீங்களே, இந்த இஸ்தோப்பப் பாருங்க. எவ்வளவு நல்லது! போய்ப் படுங்க. எந்திரிச்சா ஒங்களுக்கும் சனிக்கெழம. சட்டி எங்க போயிரப் போகுது?"

ஓடிப்போய்ப் படுத்தேன். இன்பத்தைத் துரத்தினால் அது விலகும் என்று புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. தூக்கமும் அந்த ஜாதிதான். வாசனை சுவரேறி வந்தது. சிரிப்புச் சத்தம் வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. எல்லோரும் கை கழுவிக் கலைந்த பிறகுதான் வந்தது.

எழுந்தேன். ஒருவழியாக எனக்கும் சனிக்கிழமை. அடுப்படிக்குப் பாய்ந்தேன். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"என் பங்கு எங்க?"

"கந்தப்பன் அண்ணன் ரெண்டாந் தடவ வந்தாரு. நீங்க எப்ப எந்திரிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? வீணாப் போகக் கூடாதுல்ல."

கொடுத்த பன்றியைக் கொடுத்தவரே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"என்னா சொன்னாரு?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"வாயார வாழ்த்துனாரு. அடுத்த தடவ ஒங்கள உப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போடச் சொன்னாரு."