சனிக்கிழமை வரை எதுவும் தெரியாதவர்

ஒரு வகை மனிதர் உண்டு. அவருக்குக் கண் இருக்கும், காது இருக்கும், இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தான் எதைப் பார்த்தோம், எதைக் கேட்டோம் என்பது அவருடைய கட்சிப் பத்திரிகை வந்து சேரும் வரை அவருக்குத் தெரியாது. எங்கள் ஸ்டோக்கர்ட்டனில் பத்திரிகை வருவது சனிக்கிழமை. செவ்வாயன்று அவர் வீட்டுக் கூரையே பறந்துபோனாலும், காற்று அடித்ததா இல்லையா என்பதைச் சனிக்கிழமைதான் சொல்வார்.

எங்கள் ஊரில் மஞ்சள், நீலம் என்று கட்சிகள் இரண்டு. ஆகவே பத்திரிகைகள் இரண்டு. ஆகவே கசாப்புக்காரர் இரண்டு பேர், ரொட்டிக் கடை இரண்டு, மதுக்கடை இரண்டு, டாக்டர்கள் இரண்டு பேர். மஞ்சள் வீட்டில் யாராவது நீலக் கடை ரொட்டியைத் தின்றுவிட்டால் வயிறு வலிக்கும். வலித்தே ஆக வேண்டும்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி, குதிரைச் சேணம் தைக்கும் ஒபதையா பிளென்கின். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தெருநாயைக்கூட அதட்டத் தெரியாதவர். தேர்தல் சமயத்தில் மஞ்சள் வேட்பாளர் மேடையேறிப் பேசத் தொடங்கியதும் அழுகிய முட்டைக்கோஸ் ஒன்று பறந்து வந்து அவர் தொப்பியைத் தட்டிச் சென்றது. அடுத்தது வருவதற்குள் அவர் பின்பக்க ஏணி வழியாக இறங்கி ஓடினார். அவரோடு சேர்ந்து ஓடியவர்களில் பிளென்கினும் ஒருவர். சனிக்கிழமை மஞ்சள் பத்திரிகையில் அதே பேச்சு இரண்டு பத்தி நீளத்துக்கு, 'கரவொலி', 'நீண்ட கரவொலி', 'அனைவரும் எழுந்து நின்று கரவொலி' என்று அச்சாகியிருந்தது. படித்து முடித்த பிளென்கினுக்கு உள்ளங்கை எரிந்ததாம். அவ்வளவு தட்டியிருக்கிறார்.

இதுவரை சிரிப்புதான். மேலே கேளுங்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய மகள் ஹெஸ்டருக்குத் தொண்டைக்குள் கட்டி வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சே திணறியது. மஞ்சள் டாக்டர் ஆஸ்கெல், மஞ்சள் வேட்பாளரின் பண்ணையில் பறவை சுடப் போயிருந்தார். நீல டாக்டர் வின்ட்டர் இருந்ததோ அடுத்த வீட்டில். சுவரைத் தட்டினால் போதும். பிளென்கின் தட்டவில்லை.

"அந்த ஆளு மேயரோட அம்மாவையே மருந்து குடுத்துக் கொன்னவர், லெட்டி. பத்திரிகையில போட்டிருந்தாங்க."

"மேயரோட அம்மா நேத்து சந்தையில வாத்து வாங்கினாங்க. நான் பார்த்தேன்."

"அதுக்கு மறுப்பு எதுவும் வரலியே?"

மனைவி லெட்டி அடுப்புக் கிளறியை எடுத்துச் சுவரை இடித்தாள். வின்ட்டர் சட்டையை மாட்டியபடியே ஓடி வந்தார். மெல்லிய கத்தியால் கட்டியைக் கீறினார். சீழ் வெளியேறியது, பிள்ளை மூச்சு விட்டது. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்? பிளென்கின்தான். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவரும் அவரேதான்.

பிறகு சனிக்கிழமை வந்தது. கூடவே செய்தியும் வந்தது: டாக்டர் ஆஸ்கெல் முன்பே கொடுத்திருந்த மருந்தினால் குணமாகிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் தொண்டையில், அழைக்காமலே வீடு புகுந்த நீல வைத்தியர் ஒருவர் கத்தியை நுழைத்தார், மருந்தின் வலிமையால் குழந்தை அதையும் தாங்கிப் பிழைத்தது. பிளென்கின் இதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். லெட்டி, ஆஸ்கெல் கொடுத்தது போன வருஷம் இருமலுக்கு என்று நினைவுபடுத்தினாள். அதுதான் உள்ளே தங்கியிருந்து வேலை செய்திருக்கிறது என்றார் அவர்.

"நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

"நின்னேன். ஆனா பதறிப்போய் நின்னேன். பதறினவன் கண்ணை நம்ப முடியுமா? பத்திரிகை ஆசிரியர் அங்க இல்லவே இல்ல. அவருக்கென்ன பதட்டம்? நிதானமா எழுதியிருக்கார்."

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? லெட்டி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் விஷயம் சாப்பாட்டு மேசையோடு நிற்கவில்லை. தோல் பதனிடுவோர் சந்தில் இருக்கும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க, ஊர்ப் பொறுப்பாளர்கள் வருஷந்தோறும் ஒரு டாக்டரை நியமிப்பார்கள். பல வருஷமாக அது வின்ட்டர்தான். அந்தச் சந்தின் நாற்றத்துக்குள் மழையிலும் பனியிலும் போய்வருகிற ஒரே கனவான் அவர். இந்த வருஷம் பொறுப்பாளர்களில் மஞ்சள்காரர்கள் பாதி, நீலக்காரர்கள் பாதி. முடிவு செய்ய வேண்டிய தலைவரோ தயங்கினார். ஹெஸ்டரை உண்மையில் பிழைக்கவைத்தது யார் என்று தெரிந்துகொள்ளப் பிளென்கினையே கூப்பிட்டுக் கேட்டார். பெண்களைக் கேட்கும் வழக்கம் அந்த அறையில் இல்லாததால், லெட்டி வாசலில் நின்றாள். பொய்யே சொல்லத் தெரியாத பிளென்கின், தலைவரை நேராகப் பார்த்து, குரல் நடுங்காமல், சனிக்கிழமைப் பத்திரிகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார்.

வேலை ஆஸ்கெலுக்குப் போயிற்று. வின்ட்டர் வீட்டைக் காலி செய்தார். அவருடைய கனமான பெட்டியை ரயிலடி வரை தூக்கிக்கொண்டு போனது யாரென்று நினைக்கிறீர்கள்? பிளென்கின்தான். சொன்னேனே, கெட்டவர் இல்லை.

"பாப்பா எப்படி இருக்கா, பிளென்கின்?"

"ஓடியாடிக்கிட்டிருக்கா, டாக்டர். எல்லாம் ஆஸ்கெல் டாக்டரோட கைராசி."

வின்ட்டர் நன்றி சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பனிக்காலத்தில் தோல் பதனிடுவோர் சந்துக்குத் தொண்டை நோய் வந்தது. ஆஸ்கெலுக்கு அந்த நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சந்து முனை வரை வந்து, அங்கிருந்தே விசாரித்துவிட்டுப் போனார். சின்னச் சின்னச் சவப்பெட்டிகள் வரிசையாக வெளியே வந்தன. நீலப் பத்திரிகை, மஞ்சள் டாக்டரே காரணம் என்று எழுதியது. வின்ட்டர் போகிறபோது அது அவருக்காக ஒரு வரிகூட எழுதவில்லை, இப்போதுதான் அவர் பெயர் அதற்குப் பயன்பட்டது. மஞ்சள் பத்திரிகை, அந்தப் பக்கம் நோயே இல்லை என்று எழுதியது. பிளென்கின் தம் கடை வாசலில் நின்று, எதிரே போன சவப்பெட்டிக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். பிறகு உள்ளே போய் லெட்டியிடம், நல்லவேளை இந்த வருஷம் ஊரில் நோய்நொடி இல்லை என்றார்.

வாசகரே, படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். 'அவனேதான்!' என்று சொல்லியிருப்பீர்கள். தவறில்லை. ஆனால் அந்த முகத்துக்காரர் எந்தக் கட்சி? உங்கள் கட்சியா, எதிர்க்கட்சியா? எதிர்க்கட்சி என்றால், இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் படிக்கக் கொடுங்கள். அவருக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.