கோத்தகிரிக்குப் போன நன்னிலத்து வைக்கோல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யா அவர்களுக்கு,

நன்னிலம் பக்கத்திலிருந்து பன்னிரண்டு மா நிலத்து நெல் சாகுபடிக்காரன் ரெத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நானும் என் மனைவி அம்சமும், உங்கள் பத்திரிகையைப் பிரிக்கும் வரை நலமாகத்தான் இருந்தோம்.

போன ஞாயிறு ஏழாம் பக்கத்தில், மாசிக் கடைசியில் கோத்தகிரி பக்கம் உறைபனி விழுந்து நாற்பது ஏக்கர் தேயிலை கருகியதாகப் போட்டிருந்தீர்கள். சரி. அதன் கீழே, வைக்கோல் போர்த்திய இரண்டு ஏக்கர் மட்டும் தப்பியது என்று ஒரே ஒரு வரி. ஏன் அய்யா, வைக்கோல் தானாக மலையேறிப் போய்ப் போர்த்திக்கொண்டதா? போர்த்தச் சொன்னது அந்தத் தோட்டத்துக் கள அலுவலர், என் மகள் எழில்மொழி. வைக்கோல் என்னுடையது. இரண்டு பெயரையும் போட்டுத் திருத்தம் வெளியிட வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். மாசி பிறந்ததும் மகள் போன் செய்தாள். இந்த வருஷம் மலையில் வெயில் முன்னாடியே வந்து, கொழுந்தும் முன்னாடியே துளிர்த்துவிட்டதாம். இனி ஒரு நாள் உறைபனி விழுந்தாலும் போச்சாம். பனிக்காலந்தான் முடிஞ்சுபோச்சே என்றேன். "குளிர் கூடலப்பா, கொழுந்துதான் அவசரப்படுது" என்றாள். கதிர் வரும் நேரத்தில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? தோட்டத்து முதலாளிக்குத்தான் விளங்கவில்லை. இளங்கன்று நட்ட இரண்டு ஏக்கரை மட்டும் மூடிக்கொள், பனி வரவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பு என்றுவிட்டாராம். என் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அவர் பேத்தி விவசாயம் படித்து வாங்கிய முதல் வேலை அய்யா அது.

மூட அங்கே தழை போதவில்லை. இங்கே சம்பா அறுத்து வைக்கோல் கிடக்கிறது. கூத்தாநல்லூர் சித்தீக் பாய் லாரியில் இருநூறு கட்டு ஏற்றினேன். நெல் கிடக்கும், நன்றாக உதறி அனுப்புங்கள் என்றாள் அம்சம். என் வைக்கோலில் ஒரு மணி நெல் தேறாது, என் அறுப்பு அப்படி என்று அவள் வாயை அடைத்தேன். மகளை மாட்டுப் பண்ணைக்கா அனுப்பியிருக்கே என்று டீக்கடையில் கேலி. நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். மேட்டுப்பாளையத்தில் சாயா குடிக்க இறங்கியபோது இரண்டு கட்டுகளை மாடுகள் தின்றன, மலைப்பாதையில் ஒரு மரக்கிளை நாலு கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டது, பின்னால் வந்த பஸ்காரர் திட்டியதெல்லாம் பத்திரிகைக்கு ஆகாது. போய் இறங்கினால், குரங்குக் குல்லாயில் என்னை அடையாளம் தெரியாமல் என் மகளே "யாருங்க வேணும்?" என்று கேட்டாள்.

மூடினோம். மூன்று நாள் பனியே இல்லை. முதலாளி காலையில் வந்து வானத்தைப் பார்ப்பார், பிறகு மகளைப் பார்ப்பார். நான் எங்கள் ஊர்க் காளியம்மனிடம் பனி விழணும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். போனில் அம்சத்திடம் சொல்லித் தொலைத்தேன். "ஊரான் பயிரு கருகணும்னு வேண்டிக்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு விவசாயியா?" என்று கேட்டாள். வெட்கமாகிவிட்டது. சாட்சிக்கு நாலு செடி போதும் தாயே என்று திருத்திக்கொண்டேன். அம்மன் முதல் மனுவையே எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் விடிந்தால், சரிவு முழுக்க வேதாரண்யத்து உப்பளம் மாதிரி வெள்ளை. வெயில் ஏற ஏறக் கொழுந்தெல்லாம் கறுத்தது. இதைச் சந்தோஷப்பட்டு எழுதவில்லை அய்யா, நானும் பயிர் வைக்கிறவன்தான். பிறகு வைக்கோலை விலக்கினோம். கன்றுகள் பச்சைப்பசேல் என்று நின்றன. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை "ஏம்மா" என்று கூப்பிட்ட முதலாளி, "மேடம், அடுத்து என்ன செய்யலாம்?" என்றார். இந்தக் காதால் கேட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வைக்கோல் செடியடியிலேயே கிடக்கட்டும், ஈரம் காக்கும் என்று நானும் ஒரு யோசனை சொன்னேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே திருத்தம் வேண்டும். என் பெயர் சிறிய எழுத்தில் இருந்தாலும் சம்மதம், ஆனால் இருக்க வேண்டும். தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பேர் சொல்லும்படி வாழ வாழ்த்தும்,
ரெத்தினம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் போன் செய்துவிட்டாள். அங்கே கோடை மழை பெய்து, இரண்டு ஏக்கரிலும் தேயிலைக்கு நடுவே நெல் முளைத்துக் கிடக்கிறதாம். ஆறு பெண்கள் நாலு நாளாகக் களை பிடுங்குகிறார்களாம். இது எந்த ஊர் வைக்கோல் என்று முதலாளி விசாரிக்கிறாராம். எனவே மகள் பெயரை மட்டும் போடவும். வைக்கோல் வெளியூரிலிருந்து வந்தது என்றால் போதும். அன்றே உதறச் சொன்ன அம்சமும் உங்கள் பத்திரிகை படிப்பவள். ஓரமாக ஒரு குத்து நெல்லை மட்டும் மகள் பிடுங்காமல் விட்டிருக்கிறாள். "நம்ம நெல்லுப்பா, மனசு வரல" என்றாள். அது கதிர் விட்டால் மட்டும் என் பெயரைப் போடுங்கள், பெரிய எழுத்தில்.