போன் மட்டும் ஊருக்குப் போயிற்று

முப்பத்திரண்டாம் பகுதிவரை ஒழுங்காக ஓடிய சீரியல், அடுத்ததில் திரை கறுத்து, 'உங்கள் பகுதியில் இந்த நிகழ்ச்சியைக் காண இயலாது' என்று சொல்லிவிட்டது.

யுன்ஃபென் போனைக் கணவனிடம் நீட்டினாள். ரோட்டர்டாமில் இருவருமாக ஒரு நூடுல்ஸ் கடை நடத்துகிறார்கள். மதியக் கூட்டம் கலைந்து, ஹௌமிங் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த மருமக மாமியாரைக் காட்டிக் குடுத்தாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படி மாவு பிசையறது?"

"குடுத்திருப்பா. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே."

"அக்கா போன் பண்ணினா இதைத்தான் கேப்பா. மூஞ்சியைப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லட்டுமா?"

யுன்ஃபெனின் அக்கா சொந்த ஊரான வென்ஜோவில் இருக்கிறாள். அக்காவின் மகன் பாரிசில் பை வியாபாரம் செய்கிறான், பேரன்கூடப் பிறந்தாயிற்று. ஆனால் நல்ல டோஃபு கிடைக்காத கண்டத்தில் கால் வைப்பதில்லை என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சபதம் போட்டவள் அவள். "நம்ம சீரியல்கூட பாக்க முடியாத ஊர்ல என்னடி வாழ்க்கை" என்று ஒருமுறை குத்திக்காட்டியபோது, "இங்க எல்லாம் வருது, உனக்கு முன்னாடியே வருது" என்று யுன்ஃபென் அளந்துவிட்டிருந்தாள். அந்தப் பெருமையைக் கட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஹௌமிங் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வி.பி.என். செயலியை இறக்கினான். "இப்ப உன் போன் சீனாவுல இருக்கு. நீ மட்டும்தான் இங்க இருக்கே."

சீரியல் ஓடியது. மருமகள் காட்டிக் கொடுத்தாள். யுன்ஃபென் நிம்மதியாக அழுதாள்.

மறுநாள் காலையில் காய்கறி மண்டியில் வங்கி அட்டையை நீட்டினால், செல்லாது என்றது இயந்திரம். முந்தின நாள் மாலை அவள் அதே போனில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்திருந்தாள். யாரோ சீனாவிலிருந்து திருடப் பார்க்கிறார்கள் என்று வங்கி அட்டையை முடக்கியிருந்தது.

"ஒண்ணும் பிரச்சினையில்ல," என்ற ஹௌமிங், வங்கிக் கணக்கைத் தன் போனுக்கு மாற்றினான். வி.பி.என்.னைக் கடையின் இணையப் பெட்டியிலேயே ஏற்றினான். இனி டிவியிலும் பெரிதாகப் பார்க்கலாம்.

அன்று வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. தெருக்கோடி பல் மருத்துவர் நேரில் வந்து கேட்டார். "ஆர்டர் பண்ற ஆப்புல உங்க கடை ரொம்ப தூரத்துல இருக்கு, கொண்டுவந்து தர முடியாதுன்னு காட்டுதே. காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

ஹௌமிங் பெட்டியைப் பழையபடி மாற்றினான். யுன்ஃபெனின் போனில் மட்டும் கைவைக்க அவள் விடவில்லை. இன்னும் நான்கு பகுதிகள் பாக்கி. மருமகள் மனம் திருந்திய காட்சியைப் பார்த்ததும், சீரியலின் இணையப் பக்கத்தில் 'இவளை மன்னித்துவிடலாம்' என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். அந்தச் செயலி, யார் எழுதினாலும் எங்கிருந்து எழுதுகிறார் என்பதைக் கீழே தானாகவே போட்டுவிடும். போட்டது: ஜெஜியாங் மாகாணம். வென்ஜோ இருக்கும் மாகாணம்.

அக்காவும் அதே பக்கத்தில்தான் குடியிருந்தாள். சாயங்காலமே போன் வந்தது.

"ஊருக்கு வந்திருக்கியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" குரல் ஏனோ படபடத்தது.

சீரியலுக்காகச் செய்த தகிடுதத்தம் என்று சொல்ல யுன்ஃபெனுக்கு நாக்கு வரவில்லை. "கடைக்கு மிஷின் வாங்க வந்தேங்க்கா. திடீர் பயணம்."

"வீட்டுக்கு வருவியா?"

'வேலை இருக்கு' என்று அக்காவே தட்டிக்கழிப்பாள் என்ற நம்பிக்கையில், "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமையா? இந்த ஞாயித்துக்கிழமையேவா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டாள். பிறகு, "வா. மீன் உருண்டை செஞ்சு வைக்கிறேன்," என்றாள்.

ஹௌமிங் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். "போன் போட்டு உண்மையைச் சொல்லிடு. ஒரு நிமிஷ வேலை."

"ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. அதுக்கு நிஜமாவே ஊருக்குப் போயிடலாம்."

"பொய் சொன்னவங்களைப் பாத்திருக்கேன். அந்தப் பொய்யை நிஜமாக்க விமான டிக்கெட் எடுக்கறவங்களை இப்பத்தான் பாக்கறேன்."

ஆனால் டிக்கெட்டை அவனேதான் தேடி எடுத்தான். ஊரில் எல்லோரும் ஆசையாகக் கேட்கும் டச்சுப் பால்பவுடர் டின்களைப் பெட்டியில் அடுக்கியதும் அவன்தான். "எப்படியும் போக வேண்டியதுதான். நீ போயி ஆறு வருஷமாச்சு," என்றான்.

விமானத்தில் யுன்ஃபெனுக்குக் கோபம், வெட்கம் எல்லாம் கரைந்து, அக்காவின் முகம் மட்டும் மிஞ்சியது. வென்ஜோவில் இறங்கி வாடகைக் காரில் ஏறியதும் கடைசிப் பகுதியைத் தட்டினாள். எந்த வித்தையும் இல்லாமல் ஓடியது. மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டார்கள். அவள் தேம்பியதைப் பார்த்து, டிரைவர் காகிதத் துண்டுப் பெட்டியைப் பின்னால் நீட்டினார்.

ஐந்தாவது மாடி. மூச்சு வாங்கப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் மணி அடித்தாள். கதவைத் திறந்தது அக்கா இல்லை. தலையில் துணி கட்டி, கையில் துடைப்பத்துடன், முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள். அவளுக்குப் பின்னால் நாற்காலி, மேஜை எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன.

"அக்கா இல்லையா?" என்றாள் யுன்ஃபென்.

அந்த அம்மாள் தும்மிவிட்டுச் சொன்னாள்: "அவ குளிர்காலத்துலேர்ந்து பாரிஸ்ல மகன் வீட்டுல இருக்கா, அங்க சீரியல் வராதுன்னு போனை மட்டும் இந்த ஊர்ல இருக்கற மாதிரி என்னவோ பண்ணி வச்சிருந்தா, இப்ப யாரோ தங்கச்சி சொல்லாம கொள்ளாம ஊருக்கு வந்துட்டாளாம், மாட்டிக்கக் கூடாதுன்னு டிக்கெட் எடுத்து ஓடி வர்றா, ராத்திரிக்கு வந்துருவா... ஆமா, நீ யாரும்மா?"