கிரேன் அண்ணனின் கோப்பிப் போராட்டம்

சிங்கப்பூர் முழுவதிலும் எவருக்கும் பணியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கப்பல் பட்டறையின் கிரேன் அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

ஜூரோங்கில் நான் ஸ்டோர் கிளார்க். அண்ணன் காலையில் மேலே ஏறினால் மாலைதான் இறங்குவார். நடுவில் பத்து முறை, இரும்பு தூக்கும் கொக்கி என் ஸ்டோர் வாசலுக்கு வரும். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பியை நான் அதில் மாட்டிவிட வேண்டும். இதற்கு மானேஜர் எழுத்தில் தடை போட்டார். அந்தக் காகிதமும் கொக்கியிலேயே மேலே போனது. திரும்பி வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அண்ணனுக்கு நீர்க்கடுப்பு வந்தது. லிட்டில் இந்தியா டாக்டர், புதிதாக வந்த ஆன்டிபயாட்டிக் ஒன்றை ஏழு நாளைக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்தது, கை உதறியது. கனமான சுமைகளை அவரே வேண்டாமென்று ஒதுக்கினார். காரணம் கேட்டவர்கள்மேல் எரிந்து விழுந்தார். வெள்ளிக்கிழமை கிரேன் உரிமத்துக்கு உடல் பரிசோதனை. அதில் தவறினால் அப்புறம் தரையில்தான் வேலை.

மாத்திரையை வீசப்போவதாக அறிவித்தவரை மருந்துக்கடை ஸ்டெல்லாவிடம் இழுத்துப் போனேன்.

"மாத்திரைய நிறுத்தாதீங்க அங்கிள், கோப்பிய நிறுத்துங்க. இத சாப்பிடற வரைக்கும் கேஃபீன் உடம்ப விட்டு சீக்கிரம் போகாது. நேத்து குடிச்சதே இன்னும் உள்ள நிக்குது."

"ஸ்டெல்லாவா மேல ஏறி இரும்பத் தூக்கப் போகுது?" என்று வெளியே வந்து என்னிடம் கேட்டார். ஆனாலும் கோப்பியை விட்டார். விட்டுவிட்டு, பத்துப் பொட்டலம் தேநீர் கேட்டார். நானும் புத்தியில்லாமல் மாட்டினேன். உதறல் குறையவே இல்லை. தேநீரிலும் அதே கேஃபீன்தான் என்று ஸ்டெல்லா போனில் என்னைத்தான் திட்டினாள்.

மறுநாள் கேஃபீன் இல்லாத பார்லி தண்ணீர் மாட்டினேன். அப்படியே திரும்பி வந்தது. அதன்பின் வேலையில்லாத நேரமெல்லாம் வெறும் கொக்கி, தேநீராவது கொடு என்பதுபோல் என் ஜன்னலுக்கு நேரே தொங்கியது. நானும் விடவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பரிசோதனைக்குக் கிளம்பியவரிடம், "ஃபெயில் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"கை ஆடுச்சுன்னா டாக்டர் சொல்ல வேணாம்லா, நானே எறங்கிடுவேன். கீழ நீங்கல்லாம் நடக்கறீங்க."

டாக்டர் முன் நீட்டிய கை ஆடவில்லை. உரிமம் கிடைத்தது. அவர் ஓய்வு பெறும்வரை, அந்தக் கிரேனுக்குக் கீழே ஒருநாளும் அண்ணாந்து பார்க்காமல் நடந்தேன். வேறு யார் ஏறியபோதும் அப்படி என்னால் நடக்க முடிந்ததில்லை.