மாப்பிள்ளையின் தங்கக் கடிகாரத்தில் உள்ள குறைகள் குறித்து

மரியாதைக்கும் பாசத்துக்கும் குறைவில்லாத மாப்பிள்ளை அவர்களுக்கு, மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் நீங்கலாக. அதற்கு என்ன ஆயிற்று என்பது போகப் போகத் தெரியும். அங்கே நீங்களும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். இது நடுவில் யாரும் பேசக்கூடாத விஷயம். வழக்கம்போல் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு, தங்கச்சியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள் என்று தெரியும். கேளுங்கள். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

போன முறை வந்தபோது எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த தங்கக் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து என் முன்னால் தள்ளினீர்கள். அப்போது என்ன சொன்னீர்கள்? உங்கள் வாயால் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன். "மச்சான், உங்க பொண்ணு வாட்ச் பட்டறையில தரம் பார்க்கிறாளாமே. எங்க ஆபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவங்களுக்கு இதே மாதிரி தங்க வாட்ச் குடுக்கப் போறோம். வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பார்த்துச் சொல்ல ஆள் வேணும். அவளையே போடலாம். ஆனா முதல்ல இதைப் பார்க்கட்டும். இதுல ஒரு குறை இருக்கு, அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கண்டுபிடிச்சா வேலை அவளுக்கு. இல்லேன்னா சொந்தம் வேற, வேலை வேற." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டீர்கள். மகள் பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள். ஆனால் அவள் மனசு பெற்றவனுக்குத் தெரியாதா? அந்தப் பட்டறையில் இதுவரை அவள் பார்த்துச் சொன்னதற்கெல்லாம் வேறொருவர்தான் கையெழுத்துப் போடுகிறார். உங்கள் ஆபீஸ் வேலை கிடைத்தால்தான் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்துப் போடுவாள். அதை நினைத்துக்கொண்டு அவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

தங்கச்சிக்குப் புரிவதற்காக ஒரு வார்த்தை. இந்தக் கடிகாரங்கள் கம்பெனியிலிருந்து தங்கமாகவே வருகிறவை அல்ல. பேர்போன கம்பெனியின் எஃகுக் கடிகாரத்தை வாங்கி, கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும் எடுத்து, தங்கத்தில் புதுக்கூடு செய்து அதற்குள் உட்காரவைத்து, சுற்றிலும் கல் பதித்துக் கொடுப்பார்கள். உன் கல்யாண வளையல் வைரங்களை நீ மனசாரக் கழற்றிக் கொடுத்தாயே, அவற்றைத்தான் இரண்டு கடிகாரங்களில் பதித்தார்கள். ஒன்று மாப்பிள்ளைக்கு. ஒன்று நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு. அன்றைக்கு மாப்பிள்ளை ஒரே மாதிரி இரண்டு நீலப் பெட்டிகளைத் திறந்து நீட்டி, "எது வேணுமோ எடுத்துக்கோங்க மச்சான்" என்றார். நான் என்ன லேசுப்பட்ட ஆளா? வாழ்நாள் முழுக்க எடை மேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக எடை போட்டவன். இதை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தேன். கனமானதை எடுத்துக்கொண்டேன். மிச்சம் மாப்பிள்ளைக்குப் போனது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அடுத்த நாள் மகள் பட்டறையிலிருந்து வருவதற்குள் நாமே முதல்கட்டமாக ஒரு பார்வை பார்த்துவைப்போம் என்று, உங்கள் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க என் கடிகாரத்தையும் மேஜைமேல் எடுத்து வைத்து, இரண்டையும் மெல்லிய துணியால் துடைத்துப் பெட்டிகளில் திரும்ப வைத்தேன். வீட்டுக்காரி சமையலறையிலிருந்தே, "பெட்டி மேல பேர் எழுதி வைங்க, மாறிடப் போகுது" என்றாள். நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பேர் எழுதி வைக்கவா இந்தக் கை இத்தனை வருஷம் வேலை பார்த்தது? பிறகு உங்களுடையதை எடுத்தேன். கல் பதித்த வேலை ஒழுங்கா என்று பார்க்கப் பஞ்சால் மெதுவாகத் தடவுவார்கள், நார் சிக்கினால் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி சரியில்லை என்று அர்த்தம், இது மகள் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. தடவினேன். நார் சிக்கியதா என்று கேட்கிறீர்களா? கடிகாரத்துக்குத் தாடியே முளைத்துவிட்டது. சரி, பிடுங்குவோம் என்று வீட்டுக்காரியின் புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை எடுத்து ஒவ்வொரு நாராக இழுத்தேன். கடைசி நாரோடு சேர்ந்து ஒரு கல்லும் டிக்கென்று பறந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நான் தரையில் மண்டியிட்டேன், இங்கேதான் முழங்கால் போனது. வீட்டுக்காரி டார்ச்சோடு வந்து, முதலில் என்னைத்தான் ஒரு நிமிஷம் அடித்துப் பார்த்தாள், டார்ச் வெளிச்சத்தால்தான், முகத்தில். சோபாவை நகர்த்தினோம். அலமாரியை நகர்த்தினோம். அந்தச் சத்தத்தில், சண்டை போடலாம் என்று இறங்கி வந்த கீழ்த்தளத்துக்காரர், இல்லை இல்லை, ஏறி வந்தவர், அவர் கீழேதானே இருக்கிறார், விஷயத்தைக் கேட்டதும் "வைரமா?" என்று வேட்டி கட்டியவர் மாதிரி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் தரையில் இறங்கிவிட்டார். அலமாரிக்கடியில் என் பழைய பல்செட் கிடைத்தது. வீட்டுக்காரி தேடாமலேயே விட்டுவிட்ட ஒரு கரண்டி கிடைத்தது. கல் மட்டும் கிடைக்கவில்லை. "உங்க தங்கச்சி வளையல் கல்லுங்க, அவளுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று அவள் கேட்க, நான் மறுபடியும் சோபாவுக்கடியில் தலையை விட்டேன். அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். மூன்று பேர் நாலு காலில் நிற்பதைப் பார்த்தாள்.  நேரே என்னிடம் வந்து, "அப்பா, அசையாதீங்க" என்றாள். என் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் மடிப்பிலிருந்து கல்லை எடுத்தாள். இத்தனை நேரமும் எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேனோ அந்தக் கண்ணாடி! கீழ்வீட்டுக்காரர் கைதட்டினார்.

இப்போதுதான் மாப்பிள்ளை, நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம். மகள் மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தாள், லென்ஸைக் கண்ணில் வைத்தாள். நான் அவளிடம், "மாமாவோடதுன்னு முகதாட்சண்யம் பார்க்காதே, உள்ளதை உள்ளபடி சொல்லு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கண்டிப்பா உள்ளபடி சொல்லணுமாப்பா?" என்றாள். "கண்டிப்பா" என்றேன். பிறகு சொல்ல ஆரம்பித்தாள் பாருங்கள்! முதலில் நான், "தங்கம் அசலா?" என்றேன். "தங்கம் அசல்தான்பா. இந்த மாதிரி வாட்ச்ல தங்கத்துல ஏமாத்துறதவிட வேலையிலதான் ஏமாத்துவாங்க" என்றாள். கூட்டின் விளிம்பை விரலால் தடவச் சொன்னாள். கத்தி மாதிரி கூராக நிற்க வேண்டிய விளிம்பு, அளவுக்கு மீறி மெருகு போட்டதில் மழுங்கிக் கிடக்கிறது. பறந்த கல் கொக்கியிலேயே உட்காரவில்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதன் இரண்டு பக்கத்துக் கற்களும் அப்படித்தான். தேதி காட்டும் சின்னச் சன்னலில் எண் நடுவில் வராமல், வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது. சாவி கொடுக்கும் திருகு தேய்ந்து வழுக்குகிறது. காதருகே வைத்து ஆட்டச் சொன்னாள். ஆட்டினால் உள்ளே ஏதோ அசைகிறது.

"இது ஏம்மா இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டேன். "கூட்டுக்கும் உள்ள இருக்கிற இயந்திரத்துக்கும் அளவு பொருந்தல. நடுவுல இருக்கிற இடைவெளிய அடைக்கப் பித்தளை வளையம் போட்டுத் திணிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். கனத்தைப் பார்த்து வாங்குறவங்க இருக்கிற வரைக்கும் அவங்களுக்குக் கவலையே இல்ல" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன் மாப்பிள்ளை. பித்தளையைச் சுமந்துகொண்டா இத்தனை நாள் கையை வீசி வீசி நடந்தீர்கள்? உடனே என்னுடையதையும் கையில் எடுத்துப் பார்த்தேன். அது கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் என்ன ஒரு லேசு! தங்கக் கனம் வேறு, பித்தளைக் கனம் வேறு என்று அன்றைக்குத்தான் என் கைக்கே புரிந்தது. விளிம்பைத் தடவினால் கூர். திருகைத் திருப்பினால் வெண்ணெய். ஒரே கடை, ஒரே நாள், ஆனால் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவனுக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று.

மறுநாள் மகளோடு நானும் பட்டறைக்குப் போனேன். வரவேண்டாம் என்றாள், போனேன். பட்டறை முதலாளி அதைத் திறந்து பார்த்தார். உள்ளே சாட்சாத் பித்தளை வளையம்! அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. "யாரோட வாட்ச் இது?" என்று கேட்டார். "என் மாப்பிள்ளையோடது சார், அவருக்குப் பார்த்து வாங்கத் தெரியாது" என்றேன். மகளுக்கு ஏனோ அப்போது பார்த்து இருமல் வந்தது. முதலாளியும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் என்னிடம், "சார், இனிமே இவங்க பார்த்ததை நான் மறுபடி பார்க்கப் போறதில்ல" என்றார். மாப்பிள்ளை, எனக்குப் பேச்சு வரவில்லை. வாசலில் இருந்த காவல்காரரிடம் சொன்னேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் இறங்குகிற வரைக்கும் சொன்னேன், பாவம், அவர் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் ஒரு குறை என்றீர்கள், என் மகள் ஒரு கூடை கொடுத்திருக்கிறாள். உங்கள் குறை அதில் எது என்று நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள். ஆபீஸ் வேலையை அவள் பெயருக்கு எழுதி அனுப்புங்கள். கூடவே, பார்த்து வாங்க எனக்குத் தெரியாது, மச்சானுக்குத்தான் தெரியும் என்று ஒரு வரி எழுதினால் சட்டம் போட்டு மாட்டிவைக்க வசதியாக இருக்கும். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல், கடிகாரம் நின்றாலும் காலம் நல்லபடியாக ஓட, மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தரம் பார்ப்பவளைப் பெற்ற மச்சான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று சட்டை போட்டு, என் கடிகாரத்தை எடுத்துக் கையில் மாட்டினால் சங்கிலி மணிக்கட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. "உன் சாப்பாட்டுல கை கூடப் பருத்துப்போச்சு" என்று வீட்டுக்காரியிடம் கத்தினேன். மகள் வந்து, "கை பருக்கலப்பா. அது மாமாவோடது. துடைச்சு வைக்கும்போது பெட்டி மாத்திட்டீங்க. நான் குறை சொன்னதெல்லாம் உங்க வாட்ச்ச" என்றாள்.  "அப்பவே ஏன்டி சொல்லல?" என்றேன். "உங்களோடதுன்னு சொல்லியிருந்தா ஒரு குறையாவது ஒத்துக்கிட்டிருப்பீங்களா?" என்றாள். அவள் அம்மா, "இந்த ஜென்மத்துல மாட்டார்" என்றாள். ஆக, பித்தளையைச் சுமந்து நடந்தவன் நான்தான். கனம் பார்த்துப் பொறுக்கியதும் நான்தான். மேலே உங்களைப் பற்றி எழுதியதையெல்லாம் என்னைப் பற்றி என்று வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். சட்டம் போட்டு மாட்டுகிற வரி வேண்டாம். ஆனால் மாப்பிள்ளை, பெற்ற அப்பன் ஆசையாக வைத்திருந்த கடிகாரத்தை, அப்பனுக்கு எதிரிலேயே, தேறாது என்று சொன்னாளே, அந்தப் பெண்ணை நம்பாமல் வேறு யாரை நம்புவீர்கள்? எனக்கு அவமானமாக இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு விரிகிறது.

உங்களுடையதையும் அவள் அப்போதே பார்த்துவிட்டாளாம். வேலை படு சுத்தமாம், குறை ஒன்றே ஒன்றுதானாம். ஆறு மணிக்குக் கீழே இருக்கும் கல் வைரமில்லையாம், வெறும் கண்ணாடியாம், பிற்பாடு மாற்றிப் பதித்ததாம். நீங்கள் சொன்ன குறை அதுதானே? அந்த வைரம் எப்போது எங்கே விழுந்தது என்று நான் கேட்கவே மாட்டேன். தங்கச்சியிடமும் மூச்சு விடமாட்டேன். அது நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும். வேலையை மட்டும் சீக்கிரம் எழுதி அனுப்புங்கள்.

ஐயையோ. தங்கச்சி, நீதானே உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாய்?