மஞ்சள் தடவிய நோட்டீஸ்

போத்தனூர்
1.6.1996

மரியாதைக்குரிய மச்சான் மயில்சாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் அரங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மகள் பிரவீனாவும் நலம். வால்பாறையில் புது வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்றா?

உங்கள் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை குடிபுகும் விழாவுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பிள்ளையை எங்காவது விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துக்காட்டியதும் உங்கள் தங்கை குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஆகவே நாங்கள் யாருமே வரவில்லை. கோபமில்லை, வருத்தம்தான்.

உங்களை மட்டும் எப்படிக் குறை சொல்வது? பிரவீனாவுக்கு ஒன்பது வயதாகியும் பேச்சு சரியாக வராததற்கு ஒருவர் பேய் என்றார், இன்னொருவர் செல்லம் என்றார். காந்திபுரத்து டாக்டரம்மாதான் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். "பேயுமில்லீங்க, உங்க வளர்ப்பும் காரணமில்லீங்க. பொறப்புலயே அப்படி. நாமதான் அவளைப் புரிஞ்சுக்கோணும்" என்றார். ஊருக்கே இதைச் சொல்லிவிடலாம் என்று அவரையே பேச அழைத்து என் வாசலில் ஒரு கூட்டம் போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

நோட்டீஸ் அடித்தவர் நரசிம்மலு. கல்யாணப் பத்திரிகை அடித்தே பழகிய கை. நூறு நோட்டீசுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டார். கேட்டால், "நல்ல காரியந்தானுங்களே, மங்களமா இருக்கட்டும்னு தடவிப்போட்டேனுங்க" என்கிறார். மஞ்சள் தடவிய காகிதத்தை நம் பக்கம் யார் படிக்கிறார்கள்? தேதியைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், பட்டுச்சேலை எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேங்காய் பழத் தட்டோடு அறுபது பேர் வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு பெரியம்மா பிரவீனாவின் கன்னத்தை வழித்து, "அதுக்குள்ள பெரிய மனுசி ஆயிட்டயா கண்ணு?" என்றார். அவர் வீட்டுக்காரர் என்னிடம், "ஏனுங்க, பந்தி எப்பங்க?" என்றார். உங்கள் தங்கை உப்புமா கிண்ட ஓடினாள், நான் ரவை வாங்க ஓடினேன், டாக்டரம்மா தட்டுகளுக்கு நடுவில் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் ஊரார் செய்த கூத்து. நான் செய்தது இனிமேல்தான். நாலு பேருக்குக் கேட்க வேண்டுமென்று மைக் செட் ரசாக்கிடம் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டச் சொல்லியிருந்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே" என்று நான் முழங்கியதும் பிரவீனா காதைப் பொத்திக்கொண்டு தட்டுகளுக்கு நடுவில் சுருண்டுவிட்டாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன், மச்சான். பட்டென்று மைக் செத்தது. ரசாக் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். "தப்பா நெனைக்காதீங்கண்ணா, அம்மணிக்கு சத்தம் ஆகலையாட்ட இருக்குதுங்க" என்றார். சத்தம் அவளுக்கு வலி என்று நோட்டீசில் மூன்றாவது வரியில் எழுதியவனே நான்தான். வெட்கத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் டாக்டரம்மா மெல்லப் பேசினார். அறுபது பேரும் நெருங்கி உட்கார்ந்து கேட்டார்கள். பிரவீனா எழுந்து வந்து ரசாக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் நாலு வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து வால்பாறைக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும் நீங்கள் எண்ணினீர்கள். பாதி வழியில் அவளும் எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தொன்பது வரை சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்தாள். நீங்கள் "நாப்பது" என்றதும் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு! நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் புகை என்றீர்கள். அந்த மச்சானைத்தான் தேடுகிறேன்.

விழா குறைவில்லாமல் நடக்கட்டும். புது வீட்டில் பால் பொங்குவதுபோல் எல்லாம் பொங்கட்டும். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
அரங்கசாமி

பி.கு: வரவில்லை என்று எழுதியதை அடித்துவிடவும். கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக்காட்டினேன். வால்பாறை என்று காதில் விழுந்ததும் பிரவீனா செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தொன்பதில் நிறுத்திவிட்டாள். நான் நாற்பது சொன்னால் ஏற்கமாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் வருகிறோம். குழாய் கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். கடைசி வளைவில் வந்து நில்லுங்கள், மச்சான்.